அப்பாரு ஓட்டிய புல்லட்டைக் கிளப்புவதா, புது புல்லட் வாங்குவதா?

காங்கயத்தான்:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்துக் கொட்டகை) அப்பாருவின், அதாவது அப்பாவுடைய அப்பாவின், புல்லட் நிற்கிறது. 1991 மாடல், 350. டிஎன் 33 நம்பர், அப்போது காங்கயம் ஈரோட்டுப் பெரியார் மாவட்டத்தில் இருந்தது. டேங்கில் வெறும் 'என்ஃபீல்டு' என்றுதான் எழுத்து. அப்பாரு தவறியதற்கு அப்புறம் அதை யாரும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு டிவிஎஸ் எக்ஸெல் போதும், தேங்காயும் தீவனமும் அதில்தான் போகிறது. கிக்கரை மிதித்தால் இறங்குகிறது, ஆக இஞ்சின் ஜாம் இல்லை. எஃப்சி கடைசியாக 2016-ல் காட்டியிருக்கிறார்கள். ஆர்சி இன்னும் அப்பாரு பேரில்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தினமும் காங்கயத்திலிருந்து போய்வர வேண்டும், ஒரு நடை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பிளெண்டரைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு 350 எடுக்கலாம் என்று இருக்கிறேன். பழையதை ரெடி பண்ணி ஓட்டலாமா, ஷோரூமில் புதுசு எடுக்கலாமா?

பெருந்துறையில் நண்பனுடைய புது புல்லட்டை ஓட்டிப் பார்த்தேன். மெத்தென்று போகிறது. அதுதான் சந்தேகமே. அதே கம்பெனி, அதே பேர், அதே 350. அப்புறம் ஏனுங்க இரண்டும் வேற வேற வண்டி மாதிரி இருக்கு?

நிட்டிங் நாச்சிமுத்து:

வித்துப் போடு தம்பி. பழைய புல்லட்டுக்குப் பாலக்காட்டுப் பக்கம் ஆள் வந்து நின்று வாங்குவார்கள். அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டிப் புதுசு எடு. 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாக்கிவிட்டார்கள், புல்லட் 349 சிசி, அதற்குள் வந்துவிடும். காலையில் ஷிப்மெண்ட் இருக்கிற அன்னைக்குத் தீப்பொறி கொடுக்கிற பாயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டு ரோட்டோரம் உட்கார முடியுமா?

டுபுடுபு:

விக்காதே!! புதுசில் அந்தச் சத்தம் வருமா? அது புல்லட் இல்லை, புல்லட் ஸ்டிக்கர் ஒட்டிய ஏதோ ஒன்று.

கணபதி லேத்:

தம்பி, உன் கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றது தானாகத் தெரியும்.

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். இப்போது மகன் பார்க்கிறான், சிஎன்சி போட்டுவிட்டான், எனக்கு அங்கே டீ சொல்வதைத் தவிர வேலை இல்லை. பம்ப்செட் வேலைதான் சோறு போட்டது. ஆனால் சுற்றுவட்டார மெக்கானிக்குகள் புல்லட் சிலிண்டர் பேரலைத் துணியில் சுற்றிக்கொண்டு போரிங்குக்கு (உள்சுவரைக் கடைவதற்கு) வருவார்கள். அதனால் அந்த வண்டி எனக்கு உள்ளிருந்து பழக்கம். வீட்டில் என்னுடைய பழையது ஒன்று, மருமகன் எடுத்த புதுசு ஒன்று. இரண்டையும் ஓட்டுகிறேன்.

'அதே 350' என்கிறாய். பழைய இஞ்சினின் போர் (சிலிண்டர் அகலம்) 70 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. கணக்குப் போட்டால் 346 சிசி. இப்போது வருகிற ஜே சீரிஸ் இஞ்சினில் போர் 72, ஸ்ட்ரோக் 85.8, அதாவது 349. கொஞ்சம் அகலமாகி, கொஞ்சம் குள்ளமாகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். பவரும் அப்படித்தான், அன்று 18 குதிரை, இன்று 20.2. இத்தனை காலத்தில் கூடியது இரண்டே குதிரை! பேப்பரில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. பிரித்துப் பார்த்தால் ஒரு போல்ட்கூட ஒன்றுக்கொன்று சேராது.

பழசில் இஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, நடுவில் பிரைமரி செயின். வால்வைத் தள்ளுவது புஷ்ராடு என்கிற நீளக் கம்பி. புதுசில் வால்வைத் திறக்கிற கேம் மேலே ஹெட்டிலேயே இருக்கிறது, புஷ்ராடே கிடையாது. பழசில் கம்ப்ரஷன் (பெட்ரோல் கலவையை அமுக்குகிற விகிதம்) 7:1-ஐ ஒட்டி, புதுசில் 9.5:1. பழசின் ஃபிளைவீல் கனமோ கனம். குறைந்த கம்ப்ரஷன், நீண்ட ஸ்ட்ரோக், கனத்த ஃபிளைவீல் மூன்றும் சேர்ந்தால்தான், ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டாலும் அணையாமல் ஒவ்வொரு வெடியாக எண்ணுகிற மாதிரி மெதுவாக நின்று துடிக்கும். டுபுடுபு கேட்கிற சத்தம் அதுதான். சைலன்சரை மாற்றினால் புதுசிலும் இரைச்சல் வரும், அந்த இடைவெளி வராது. புகை விதிக்கு அடங்கி ஓட வேண்டிய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இஞ்சினை அவ்வளவு மெதுவாக ஓடவிட மாட்டார்கள்.

அந்த மெத்தென்ற ஓட்டத்துக்குக் காரணம் பேலன்சர் ஷாஃப்ட். ஒற்றை பிஸ்டன் மேலும் கீழும் போனால் வண்டி உதறத்தான் செய்யும். அதற்கு எதிராக ஒரு எடையைச் சுழலவிட்டு உதறலைக் கொன்றிருக்கிறார்கள். பழசில் அது கிடையாது. எண்பதுக்கு மேலே போனால் கண்ணாடியில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது, கை மரத்துப்போகும், நட்டு கழன்று விழும். அறுபதில் போனால் அதுபோல் சுகம் வேறு இல்லை. ஆக, வேகத்தை நாம் முடிவு செய்வதில்லை, வண்டி முடிவு செய்யும்.

இன்னொன்று. 'காஸ்ட் அயர்ன் புல்லட்' என்று பெருமையாகச் சொல்வார்கள். இரும்பு என்பது சிலிண்டர் பேரல் மட்டும்தான். ஹெட் அலுமினியம். ஆனால் அந்த இரும்புப் பேரல்தான் எங்களுக்கெல்லாம் வேலை கொடுத்த மகராசன். தேய்ந்தால் போர் பண்ணி, ஹோனிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினால் முடிந்தது, மறுபடி வருஷக்கணக்கில் ஓடும். கையால் தொட்டுச் சரிசெய்கிற வண்டி. கையால் தொட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். பாயிண்ட், டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்), கிளட்ச், பிரைமரி செயின், கார்புரேட்டர் எல்லாம் உன்னைக் கூப்பிடும். ஆயில் கசிவு ஊரறிந்தது. எத்தனை மூடி, எத்தனை கேஸ்கெட், பத்தாததற்கு இஞ்சின் உள்ளே காற்று அழுத்தம் போக சரியான வழி இல்லையென்றால் கிடைக்கிற சந்தில் ஆயிலைத் தள்ளும். வண்டி நிற்கிற இடத்தில் அட்டை போட்டு வைக்கிறவன்தான் பழைய புல்லட் சொந்தக்காரன்.

இனி முக்கியமான விஷயம், இதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். உன் அப்பாரு வண்டியில் கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பின் பிரேக் இடது காலில். நீ இத்தனை நாள் ஸ்பிளெண்டர் ஓட்டியவன், உன் வலது காலுக்குப் பிரேக் என்று பதிந்திருக்கிறது. நிதானமாகப் போகும்போது இரண்டே நாளில் பழகிவிடும். திடீரென்று குறுக்கே ஆடு வந்தால் கால் பழைய வழக்கத்தைத்தான் செய்யும், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பாய். ஓட்டினால் அதையே ஓட்டு, இல்லையென்றால் காலியான ரோட்டில் மட்டும் ஓட்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றி மாற்றி, அதுவும் காங்கயம் ரோட்டு பீக் அவரில், வேண்டவே வேண்டாம்.

பிரேக்கும் அப்படித்தான். பழசில் முன்னும் பின்னும் டிரம். புதுசில் முன்னால் 300 மில்லி டிஸ்க், அதோடு பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுவதற்குப் பழசு போதும், அருமையாக இழுக்கும். 27 கொண்டை ஊசி வளைவையும் அதில் இறங்கிப் பார், அப்போது தெரியும். இரண்டாவது கியரில் போட்டு இஞ்சினாலேயே பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் டிரம் சூடேறிப் பாதி வழியில் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும்.

அதனால் என் கணக்கு: வேலைக்குப் போக புதுசு. பழசை விற்காதே, தினசரிக்கும் எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை சிவன்மலை வரைக்கும் போய்வர அது. நாச்சிமுத்து அண்ணன் சொல்கிற விலை கிடைக்கும்தான், ஆனால் கிடைத்த பணத்துக்கு மறுபடி அதே மாதிரி ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி வாங்க முடியாது.

கோபி வாய்க்கால்:

இடையில் வந்த யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்சன்) இஞ்சினை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். என்னிடம் அதே கம்பெனியின் 2012 கிளாசிக் இருக்கிறது. இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடு, ஐந்து கியர், கியர் இடது காலில், கிக்கரும் உண்டு செல்ஃபும் உண்டு, கார்புரேட்டர்தான். போர் ஸ்ட்ரோக் அதே 70-க்கு 90, புஷ்ராடும் அப்படியே. டேப்பட் ஹைட்ராலிக், அடிக்கடி அட்ஜஸ்ட் பண்ணத் தேவையில்லை. துடிப்பும் வேண்டும், ஆபீஸும் போக வேண்டும் என்றால் செகண்ட்ஸில் இதுதான் சரி. கோபியிலிருந்து சத்தி, மேட்டுப்பாளையம் என்று சுற்றாத இடம் இல்லை.

கணபதி லேத்:

நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அதிர்வு அதிலும் இருக்கிறது, இவன் தினமும் அறுபது கிலோமீட்டர் போய்வருகிற பையன். நீங்கள் வாய்க்கால் ஓரமாக வயல் பார்த்துக்கொண்டு போகிறீர்கள். அப்புறம் செகண்ட்ஸில் எடுக்கும்போது சைலன்சர் மாற்றாத, இஞ்சின் பிரிக்காத யுசிஇ கிடைப்பது குதிரைக் கொம்பு. முன்னால் ஓட்டியவன் டுபுடுபு மாதிரி ஆளாகத்தான் இருப்பான் (கோபித்துக்கொள்ளாதே தம்பி).

டுபுடுபு:

கோபம் இல்லீங்ணா. சைலன்சர் மாற்றியிருக்கிறேன்தான். 🙂

ஆனைமலை ரைடர்:

லேத் அண்ணா, நான் பொள்ளாச்சிங்க, என்னிடம் ஜே இஞ்சின் கிளாசிக் இருக்கிறது. நீங்கள் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. மலை ஏறினால் காற்று மெலியும், கார்புரேட்டர் வண்டிக்கு பெட்ரோல் கலவை தடித்துப்போகும், மூச்சு முட்டும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே போய்ப் பழைய வண்டிகள் கரும்புகை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி அதைத் தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். காலைக் குளிரில் சோக் இழுக்கிற வேலையும் இல்லை. வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி, ஆழியாறு தாண்டி ஏறும்போது மூன்றாவது கியரில் விட்டுவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். 27 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை) 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, இஞ்சினைக் கதறவிடத் தேவையில்லை.

காங்கயத்தாருக்கு: எடை 195 கிலோ. ஓடும்போது தெரியாது. தோட்டத்து மண்ணில், சாய்வான இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளிப் பாருங்கள், அப்போது தெரியும். பழசு இருபது கிலோவுக்கு மேல் எடை குறைவு. ஆனால் அந்த எடை ஆடி மாசம் உதவும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, தாராபுரம் காற்றாலைப் பக்கம் பக்கவாட்டில் அடிக்கிற வேகத்துக்கு ஸ்பிளெண்டர் ரோட்டின் அந்த ஓரத்துக்கே போய்விடும். இது அசையாமல் போகும். காங்கயத்தில் உங்களுக்கே அந்தக் காற்று தெரியும்.

கணபதி லேத்:

சரிதான் கண்ணு. மலைக் கணக்கில் இன்ஜெக்‌ஷனை அடிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். என் குறை வேறு. புதுசில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். பேட்டரி சுத்தமாக இறங்கினால் பெட்ரோல் பம்பும் ஓடாது, தள்ளினாலும் கிளம்பாது. சென்சார் ஏதாவது கோளாறு என்றால் உள்ளூர் மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு நின்று பார்ப்பார், அவ்வளவுதான், ஸ்கேனர் வைத்திருக்கிற இடத்துக்குத்தான் போகணும். பழசு நடுரோட்டில் நின்றாலும், பிளக்கைக் கழற்றித் துடைத்து, பாயிண்ட்டில் ஒரு எமரிப் பேப்பரை விட்டு இழுத்தால் வீடு வந்து சேரலாம். அடிக்கடி நிற்பது அது, அரிதாக நின்றாலும் ஆளைக் கைவிடுவது இது.

காங்கயத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்பாவிடம் பேசினேன், புதுசுக்குச் சரி சொல்லிவிட்டார். பழசை விற்க அவருக்கும் மனசில்லை. லேத் அண்ணா, அதைக் கிளப்ப எங்கே ஆரம்பிப்பது? திருப்பூரில் ஒரு இடத்தில் 'ஃபுல் ரீஸ்டோரேஷன்' என்று போட்டோ காட்டினார்கள், டேங்க், மட்கார்டு எல்லாம் குரோம், பளபளவென்று இருக்கிறது. கொடுத்துவிடலாமா? விலையும் ஒரு நல்ல காங்கயம் மாட்டு விலை சொல்கிறார்கள்.

கணபதி லேத்:

கொடுக்காதே. இதில் நான் கண்டிப்பு.

எனக்குத் தெரிந்த ஒருவர், எண்பதுகளின் வண்டி, அப்படித்தான் ஒரு பட்டறையில் விட்டார். பேர் வேண்டாம். திரும்பி வந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரிஜினல் கார்புரேட்டர் போய் ஏதோ கம்பெனி பேர் இல்லாதது உட்கார்ந்திருக்கிறது, பழைய ஆம்ப்ஸ் மீட்டரைக் காணோம், ஹெட்லைட் டூமில் இரண்டு பக்கமும் இருக்கிற டைகர் லைட்டுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி. உள்ளே இஞ்சினைத் தொடவே இல்லை. பெயிண்ட்டுக்குப் பணம் கொடுப்பவர்களுக்குப் பெயிண்ட்தான் கிடைக்கும். முதலில் ஓட வை, பிறகு நிற்க வை (பிரேக்கைச் சொல்கிறேன்), அழகு எல்லாம் மூன்றாவது. அப்பாருவின் கை பட்டுத் தேய்ந்த டேங்க் பெயிண்ட்டை நான் என்றால் தொடவே மாட்டேன், அது உன் இஷ்டம். யாரிடம் விட்டாலும் கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் கையில் கேட்டு வாங்கு.

கிளப்புவதற்கு முன்னால்: நீண்ட நாள் நின்ற புல்லட்டில் ஆயில் டேங்கில் இருக்கிற ஆயில் மெல்ல மெல்லப் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கி நிற்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் இல்லை என்று நினைத்து மேலே ஊற்றிவிடுவார்கள். அப்படியே உதைத்தால் ஊரே புகையாகும். அடியில் இருக்கிற டிரெயின் பிளக்குகளைத் திறந்து எல்லாவற்றையும் வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்று. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விடு. மறுநாள் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையாலேயே மெதுவாக அமுக்கிச் சுற்று. உதைக்காதே. ரிங் ஒட்டியிருந்தால் உதையில் உடையும்.

டேப்பட் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். இடைவெளி என்று ஒன்றும் வைக்கக் கூடாது, புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயிண்ட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). ஃபீலர் கேஜ் இல்லையென்றால் வாங்கு, கண்ணளவில் வைக்காதே.

காங்கயத்தான்:

குறித்துக்கொண்டேன் அண்ணா. பெட்ரோல் இப்போது எத்தனால் கலந்து வருகிறதே, பழசுக்கு ஆகுமா?

கணபதி லேத்:

கம்ப்ரஷன் குறைவு, அதனால் இஞ்சினுக்குப் பயமில்லை. இப்போது வருகிறது 20 சதவீதம், அந்தக் காலத்து ரப்பர் அதற்குச் செய்ததல்ல. ஊறி உப்பிவிடும், இல்லை விரிசல் விடும். பெட்ரோல் ஹோஸ், டேங்க் காக் வாஷர், கார்புரேட்டர் ரப்பர்கள் எல்லாவற்றையும் இப்போதே மாற்றிவிடு. எத்தனால் தண்ணீரை இழுக்கும், இரும்பு டேங்கில் பெட்ரோலோடு மாசக்கணக்கில் நிறுத்தினால் துரு பிடிக்கும். ஓட்டாத மாசங்களில் டேங்கைக் காலி பண்ணி வை. கொஞ்சம் மெலிவாக எரிவதால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை) ஒரு அளவு கூட்ட வேண்டி வரலாம், பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய். வெளுத்திருந்தால் கூட்டு, காபிப்பொடி நிறத்தில் இருந்தால் விட்டுவிடு.

நிட்டிங் நாச்சிமுத்து:

சரி, விக்க வேண்டாம், நான் தோற்றேன். ஆனால் பேப்பரை முதலில் பார் தம்பி. ஆர்சி அப்பாரு பேரில் இருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31. உன் அத்தை, சித்தப்பா எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதை ஒரு விசேஷத்தில் எல்லோரும் கூடும்போது வாங்கிவிடு. 2016-ல் எடுத்த எஃப்சி அஞ்சு வருஷத்தோடு முடிந்தாச்சு. படிவம் 25 போட்டு, பசுமை வரி கட்டி, வண்டியை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டணும். ஓட்டிக்கொண்டு போகாதே, இன்சூரன்ஸும் இருக்காது. குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போ.

காங்கயத்தான்:

டேங்கில் பழைய பெட்ரோல் பாதிக்கு மேல் கிடக்குதுங்க. நாற்றம் அடிக்கிறது. அதை என்ன செய்ய?

கணபதி லேத்:

வெளியே எடுத்து வடி, சாளைக்குள் வைத்து வேண்டாம், அங்கே வைக்கோல் இருக்கும். அந்தப் பெட்ரோலை உன் ஸ்பிளெண்டரில் ஊற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்காதே. டேங்கைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே டார்ச் அடித்து ஒரு போட்டோ போடு. துரு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.